மாலை அழுகையும் ‘பால் பத்தலை’ என்ற பயமும்

கேள்வி: என் மகளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. மாலையானால் குழந்தை மார்பை விடாமல் அழுகிறது. மார்பும் முன்போல் கனக்கவில்லையாம். பால் வற்றிவிட்டது, புட்டிப்பால் கொடுத்துவிடலாம் என்கிறாள். நான் எப்படி உதவுவது?

பதில்: தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்தும் தாய்மார்கள் அதிகம் சொல்லும் காரணம் ‘பால் பத்தலை’ என்பதுதான். உண்மையிலேயே சுரப்பு குறைந்தவர்கள் அவர்களில் கொஞ்சம் பேரே. உங்கள் மகள் சொல்லும் இரண்டுமே இந்த வயதில் இயல்பு. முதல் வாரங்களில் கட்டிக்கொண்டு கனத்த மார்பு, குழந்தையின் தேவைக்கேற்பச் சுரக்கப் பழகியதும் இளகிவிடும். மாலையில் விட்டுவிட்டு அடிக்கடி குடிப்பதும் பச்சிளம் குழந்தைகளின் வழக்கம்தான்.

புட்டி கொடுத்ததும் குழந்தை தூங்கும். உடனே, “பார்த்தியா, பசிதான்” என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சுதான் பல தாய்மார்களை உடைக்கிறது. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். புட்டி கூடக் கூட மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். பயந்தது நிஜமாகிவிடும்.

அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதும். சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் சோர்ந்திருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். தைராய்டு கோளாறு, பழைய மார்பக அறுவை சிகிச்சை போன்றவற்றால் சிலருக்குப் பால் நிஜமாகவே குறையும். அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவில் புட்டிப்பால் சேர்த்துக்கொண்டே தாய்ப்பாலும் தரலாம். அது தோல்வி இல்லை.

வலிக்கிறதா என்றும் மகளிடம் கேளுங்கள், பலர் வெளியே சொல்வதில்லை. காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போய், மோவாய் மார்பில் பட்டு, கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். சரிவரவில்லை என்றால் பாலூட்டல் ஆலோசகரோ செவிலியரோ பக்கத்தில் இருந்து காட்டித் தரட்டும்.

நாளுக்கு 8 முதல் 12 தடவை பாலூட்டுபவளுக்கு வேறு எதற்கும் தெம்பிருக்காது. குழந்தையை வாங்கிப் புட்டி கொடுப்பதைவிட, சமையலையும் துணியையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் துணி மாற்றுவது, ஏப்பம் விடவைப்பது மருமகன் வேலையாகட்டும். “பால் வருதா?” என்று கேட்காதீர்கள், சாப்பாட்டையும் தண்ணீரையும் பக்கத்தில் வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் நிறுத்தத்தான் வேண்டும் என்றால் அது அவள் முடிவு. ஒரேயடியாக நிறுத்தினால் பால் கட்டி வலிக்கும், காய்ச்சலும் வரலாம்; சில நாள் இடைவெளி விட்டு ஒவ்வொரு வேளையாகக் குறைக்கச் சொல்லுங்கள்.