ஸ்போர்ட்ஸ் கடைக்கு ஆன்லைன் விளம்பரம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

சிறு கடைகளுக்கு கூகுள், மெட்டா விளம்பரம் ஓட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். அதில் விளையாட்டுப் பொருள் கடைகளும் உண்டு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தேனி: அண்ணா, "கிரிக்கெட்", "பேட்"னு கீவேர்டு போட்டு கூகுள்ல விளம்பரம் ஓட்டினேன். கிளிக் அள்ளுது, பணமும் போகுது, கடைக்கு ஒரு ஆளும் வரலை. என்ன தப்பு?

தம்பி, உங்கள் கணக்கில் "சர்ச் டேர்ம்ஸ்" என்று ஒரு பக்கம் இருக்கும். எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுத்த கீவேர்டு வேறு, மக்கள் உண்மையில் தட்டிய சொற்கள் வேறு. தட்டியது என்ன என்று அங்கேதான் தெரியும். திறந்து பாருங்கள்: "இன்னைக்கு மேட்ச் ஸ்கோர்", "கிரிக்கெட் கேம் டவுன்லோட்", "பேட் வரைவது எப்படி", "மீரட் பேட் ஹோல்சேல்" என்று வரிசை கட்டி நிற்கும். இவர்களில் ஒருவர்கூட தேனிக்கு வந்து பேட் வாங்கப் போவதில்லை.

ஸ்கோர், லைவ், கேம், டவுன்லோட், டிராயிங், ஹோல்சேல், வேலை ஆகியவற்றை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது இந்தச் சொல் தேடலில் இருந்தால் விளம்பரம் வரக்கூடாது என்று, இன்றைக்கே போடுங்கள். ஐபிஎல் மாதங்களில் இந்தப் பட்டியல் இல்லாமல் விளம்பரம் ஓட்டுவது பணத்தைக் கொண்டுபோய் ஆற்றில் போடுவதுதான். அடுத்து, "கிரிக்கெட்" என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துவிட்டு "கிரிக்கெட் பேட் கடை தேனி", "ஸ்போர்ட்ஸ் ஷாப் நியர் மீ" போன்ற தொடர்களை, அதே பொருளில் தேடுகிறவர்களுக்கு மட்டும் காட்டும் ஃப்ரேஸ் மேட்சில் வையுங்கள். கொஞ்சம் தொடர்புள்ள தேடலுக்கெல்லாம் காட்டும் பிராட் மேட்ச் சின்ன பட்ஜெட்டுக்கு ஆகாது.

இன்னொன்று, சர்ச் கேம்பெயின் (தேடலில் வரும் விளம்பரம்) போடும்போதே "டிஸ்ப்ளே நெட்வொர்க்" என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். அது கண்ட கண்ட ஆப்களுக்குள் உங்கள் விளம்பரத்தைக் காட்டும். குழந்தைகள் கை தவறி அழுத்துவதற்கும் உங்கள் பணம்தான் போகும்.

சேலம்: அமேசான், டெகத்லான் எல்லாம் மேலேயே வந்து நிக்குது. அவங்களோட போட்டி போட முடியுமா சார்?

விலையில் முடியாது. முயற்சியும் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒரு கிளிக் 8 ரூபாய், 40 கிளிக்குக்கு ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விற்பனைக்கு விளம்பரச் செலவு 320 ரூபாய். 1,800 ரூபாய் பேட்மிண்டன் ராக்கெட்டில் உங்களுக்கு 250 ரூபாய் நின்றால், விற்க விற்க 70 ரூபாய் கைவிட்டுப் போகும்.

அதே 320 ரூபாயில் ஒரு டீம் ஜெர்சி ஆர்டர் வந்தால்? 15 ஜெர்சி, பெயரும் நம்பரும் பிரிண்ட் போட்டு, ஒரு பீஸுக்கு 80 ரூபாய் நின்றாலும் 1,200. விளம்பரச் செலவு போக 880 மிச்சம். அந்த டீம் கேப்டன் அடுத்த டோர்னமெண்டுக்கு ஷீல்டுக்கும் உங்களிடம்தான் வருவார்.

கடைக்கு ஆள் வந்தே ஆக வேண்டிய வேலைக்கு மட்டும் விளம்பரம் போடுங்கள். ராக்கெட்டுக்கு கட் (நரம்பு) போடுவது ஒன்று. கட் அறுந்தவனுக்கு அன்று சாயங்காலமே ராக்கெட் வேண்டும், கூரியருக்குக் காத்திருக்க மாட்டான். "ராக்கெட் ஸ்ட்ரிங்கிங் நியர் மீ" என்று தேடுகிறவன் பாதி கடைக்கு வந்துவிட்ட மாதிரி. இங்கிலீஷ் வில்லோ பேட்டுக்கு எண்ணெய் போட்டு நாக்கிங் (சுத்தியலால் தட்டிப் பதப்படுத்துவது) செய்து தருவது இன்னொன்று. கிரிப் மாற்றுவது, கோப்பையில் பெயர் பொறிப்பது எல்லாம் இந்த வகைதான். கட் போட வந்தவன் சும்மா போக மாட்டான், ஒரு டப்பா ஷட்டிலாவது வாங்குவான்.

விளம்பர வாசகத்தில் "அனைத்து விளையாட்டுப் பொருட்களும் கிடைக்கும்" என்று எழுதாதீர்கள். "ராக்கெட் கட், 1 மணி நேரத்தில்" என்று எழுதுங்கள், உங்களால் முடியுமானால்.

கரூர்: இன்ஸ்டாகிராம்ல பூஸ்ட் பட்டன் அழுத்தினா போதாதா?

லைக் வேண்டுமென்றால் போதும். வாடிக்கையாளர் வேண்டுமென்றால் மெட்டாவின் விளம்பரப் பக்கமான ஆட்ஸ் மேனேஜருக்குள் போங்கள். வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருவதை நோக்கமாக வைத்து, கடையைச் சுற்றி வட்டம் போட்டுக் குறியுங்கள். போட்ட பிறகு தினமும் நோண்டாதீர்கள், ஒரு வாரமாவது ஓடட்டும். மெசேஜுக்கு உடனே பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் இந்த வகை விளம்பரமே வேண்டாம்.

திண்டுக்கல்: ஒரு நாளைக்கு 300 ரூபாய்னு வச்சேன், ஒரே நாள்ல 500-க்கு மேல எடுத்துட்டாங்க. ஏமாத்துறாங்களா?

இல்லை. தேடல் அதிகம் உள்ள நாளில் தினசரி பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு வரை கூகுள் செலவழிக்கலாம் என்பது அவர்கள் விதி. மாதக் கணக்கில் தினசரி பட்ஜெட்டைப் போல 30.4 மடங்குக்கு மேல் போகாது. அதாவது உங்களுக்கு 9,120 ரூபாய்தான் உச்சம். இதன்மேல் 18% ஜிஎஸ்டி உண்டு, பட்ஜெட் போடும்போது பலர் இதை மறக்கிறார்கள். பேமென்ட் பகுதியில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்துவைத்தால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம், அதாவது அந்த வரியை நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் (சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டம்) இருப்பவர்களுக்கு அது கிடையாது.

மதுரை: தோனி படம் போட்டு, சிஎஸ்கே ஜெர்சி 250 ரூபாய்னு விளம்பரம் பண்ணலாமா?

கூடாது. படத்துக்கு அனுமதி வேண்டும். 250 ரூபாய் ஜெர்சி ஒரிஜினல் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். போலிப் பொருள் விளம்பரத்துக்கு கூகுள் கணக்கையே முடக்கும். உங்கள் ஊர் டீம் உங்களிடம் தைத்த ஜெர்சியோடு நிற்கும் படத்தை, அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரன் கட்டாயம் விசாரிப்பான்.

யாழ்ப்பாணம்: அண்ணை, சின்னதா ஒரு ஸ்போர்ட்ஸ் கடை வச்சிருக்கிறன். கிளிக் கனக்க கனடா, லண்டனில இருந்துதான் வருது. காசு வீணாப் போகுதோ?

இடம் குறிக்கும்போது கூகுள் தானாகவே, அங்கே இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும். "இருப்பவர்கள்" என்று மட்டும் மாற்றினால் உங்கள் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

ஆனால் வெளிநாட்டில் இருப்பவர்களை முழுவதும் வெட்டிவிடாதீர்கள். ஊர் விளையாட்டுக் கழகத்துக்கும் படித்த பள்ளிக்கூடத்துக்கும் பந்தும் வலையும் ஜெர்சியும் வாங்கிக் கொடுப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு சிறு கேம்பெயின் வையுங்கள். ஒற்றைப் பந்தைக் காட்டாமல், ஒரு கழகத்துக்கான முழு கரப்பந்தாட்ட செட், விலை இலங்கை ரூபாயில், பாடசாலை வாசல் வரை கொண்டுபோய்க் கொடுப்பது, கையளித்த படத்தை அனுப்புவது என்று காட்டுங்கள். தொலைபேசி அழைப்பு விளம்பரம் அவர்களுக்கு வேண்டாம். கோடையில் டொராண்டோவில் இரவு 8 மணி என்றால் உங்களுக்கு விடியற்காலை 5.30. வாட்ஸ்அப்தான் சரி.

ஈரோடு: எந்த மாசம் செலவு பண்றது, எந்த மாசம் நிறுத்துறது?

பொங்கல் போட்டிகளுக்கு ஜெர்சி, ஷீல்டு ஆர்டர் டிசம்பரிலேயே முடிவாகிவிடும். ஜனவரி 10-க்கு மேல் போட்டால் பஸ் போய்விட்டது. ஏப்ரல், மே முழுப் பரீட்சை லீவில் கோச்சிங் கேம்ப் சேரும் பிள்ளைகளுக்கு ராக்கெட், ஸ்கேட்டிங் செட். ஜூனில் ஷூ. குறுவட்டப் போட்டிகள் வரும்போது பள்ளி ஆர்டர் வரும்தான், ஆனால் பி.இ.டி. சார்களைப் பிடிக்க விளம்பரம் உதவாது. கொட்டேஷனோடு நேரில் போங்கள்.

திருச்சி: கடைக்கு வந்தவர் விளம்பரம் பார்த்துதான் வந்தார்னு எப்படித் தெரியும்?

கேட்டால் "கூகுள்ல பார்த்தேன்" என்பார். அது காசு கொடுத்த விளம்பரமா, இலவச மேப் பதிவா என்று அவருக்கே தெரியாது. விளம்பரத்தில் மட்டும் ஒரு சலுகை வையுங்கள்: "கட் போட்டால் கிரிப் இலவசம்". கடையில் போர்டு வைக்காதீர்கள். கிரிப் கேட்டு வருகிறவரை பில் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துவையுங்கள். மாதக் கடைசியில் அந்த பில்களின் லாபத்தையும் விளம்பரச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

நாகர்கோவில்: ஏஜென்சிகிட்ட கொடுத்துடலாமா?

கொடுக்கலாம். ஆனால் விளம்பரக் கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் திறக்கப்பட வேண்டும். ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவர்கள் கணக்கில் ஓட்டினால், பிரியும்போது நெகட்டிவ் பட்டியல், பழைய புள்ளிவிவரம் எல்லாம் அவர்களோடு போய்விடும். மாதம் ஒருமுறை சர்ச் டேர்ம்ஸ் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த மாதம் வேறு ஆளைப் பாருங்கள்.