தாத்தா பெயரில் பட்டா, மலைச்சரிவில் கொட்டகை: எதை முதலில் செய்வது?

கேள்வி: கொடைக்கானல் தாலுகாவில் தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு 4 ஏக்கர் 20 சென்ட் காப்பித் தோட்டம் இருக்கிறது. 1972-ல் தாத்தா கிரையம் வாங்கியது. தாத்தா 1996-ல் இறந்தார், பாட்டி 2003-ல், அப்பா 2019-ல். யாரும் உயில் எழுதவில்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான். நான், அம்மா, தங்கை மூவரும் மதுரையில் இருக்கிறோம். அப்பாவுக்கு ஒரே அக்கா, பழனியில் இருக்கிறார். அவருக்கு 1981-லேயே கல்யாணம் ஆகிவிட்டதால் 1989 சட்டப்படி பங்கு கிடையாது என்கிறார்கள்.

அப்பா போனபின் தோட்டம் உண்ணிச்செடி மண்டிப் போய்விட்டது. போன மாதம் ஆள் விட்டுச் சுத்தம் செய்தோம். மேட்டில் நின்ற சில்வர் ஓக்கில் ஒன்பதை வெட்டினோம். அந்தக் கட்டைகளையே கம்பமாக நட்டு, 40-க்கு 25 அடியில் தகரக் கொட்டகை போட்டு, காப்பியும் மிளகும் காயவைக்கலாம், ஜீப் நிறுத்தலாம், பிற்பாடு இரண்டு ரூம் தடுத்து ஹோம்ஸ்டே விடலாம் என்று எண்ணம். பழைய காப்பிக் களம் கீழே வெடித்துக் கிடக்கிறது, அங்கிருந்து ஒன்றும் தெரியாது. மேட்டிலிருந்து பார்த்தால் அடிவாரம் வரை தெரியும். இடத்தைச் சமப்படுத்த ஜேசிபி பேசியிருந்தோம். வனக் காவலர் வந்து வேலையை நிறுத்திவிட்டு, ரேஞ்சர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார். பக்கத்துத் தோட்டக்காரரோ, “சொந்தப் பட்டா, நட்டதும் நாம்தான், யாரைக் கேட்கணும்?” என்கிறார். நாங்கள் என்ன செய்யவேண்டும்? காட்டுமாடு வராமல் சோலார் வேலி போடவும் அனுமதி வேண்டுமா?

பதில்: முதலில் அவசரமானதைப் பார்ப்போம். வெட்டிய ஒன்பது மரமும் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். கம்பமாக அறுக்க வேண்டாம், வண்டியில் ஏற்றவே வேண்டாம். இப்போது உங்கள்மேல் இருப்பது அனுமதியில்லாமல் வெட்டிய குற்றச்சாட்டு மட்டும்தான். அந்தக் கட்டை ரோட்டுக்கு வந்துவிட்டால் 1968-ம் வருட மரக் கடத்தல் விதிகளும் சேர்ந்துகொள்ளும். இந்தப் பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கடத்தல் என்றால் இங்கே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது. அதற்கு ஒரு பாஸ் உண்டு, அது உங்களிடம் இல்லை.

அடிக்கட்டைகளை மண் போட்டு மூடச் சொல்லி யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். கேட்காதீர்கள். ரேஞ்சர் வந்து அடிக்கட்டையின் சுற்றளவைத்தான் முதலில் அளப்பார். மூடிய மண்ணைத் தோண்டி அளக்க வைத்தால், விவரம் தெரியாமல் வெட்டினேன் என்று நீங்கள் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். ஒவ்வொரு அடிக்கட்டையையும் பக்கத்தில் டேப்பை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீசுக்குக் கூப்பிட்ட நாளில் தவறாமல் போங்கள். என்ன நடந்தது என்பதை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். கையில் ஏதாவது கொடுத்து முடித்துவிடலாம் என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்த பணத்துக்குக் காகிதம் கிடையாது, அடுத்து மாறிவரும் அதிகாரிக்கு அது தெரியவும் போவதில்லை.

சரி, சொந்த மரத்தை வெட்ட ஏன் அனுமதி? சமவெளியில் இருந்து வருகிற எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். மலையில் 1955-ம் வருடத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. மரம் வெட்டுவதையும் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவருவதையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிற சட்டம் அது. மரம் பட்டா நிலத்தில் நிற்கிறதா, நட்டது யார் என்பதை அது பார்ப்பதில்லை. கலெக்டர் தலைமையில் உள்ள மாவட்டக் குழு அனுமதி கொடுக்கவேண்டும். சில்வர் ஓக் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏறவும் நாமே வைத்த மரம்தான், இருந்தாலும் அதற்கும் இதே வழிதான். தோட்டக்காரர்கள் இதில் சலுகை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பது நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் சட்டம் இருக்கிறவரை உங்கள் பக்கத்துத் தோட்டக்காரரின் வாதம் ரேஞ்சர் ஆபீஸ் வாசல்படி தாண்டாது. காய்ந்தது, காற்றில் சாய்ந்தது, ஆபத்தாக நிற்பது என்றால் சட்டம் கொஞ்சம் இளகும். உங்களுடையவை பச்சை மரங்கள். இன்னொன்று, ஈட்டியோ சந்தனமோ தோட்டத்தில் நின்றால் கிளையைக்கூடத் தொடவேண்டாம். சந்தனம் பட்டா நிலத்தில் முளைத்திருந்தாலும் வனத்துறை வழியாகத்தான் எடுக்கமுடியும், அதற்கென்று 2008-ல் தனி விதிகளே வந்திருக்கின்றன.

உண்ணிச்செடியையும் புதரையும் அரிவாளாலோ பிரஷ் கட்டராலோ வெட்டுவதில் பிரச்சினை இல்லை. தீ வைக்காதீர்கள், பக்கத்தில் காப்புக்காடு இருந்தால் அதுவே தனி வழக்கு. ஒரு முன்னெச்சரிக்கையாக, பழைய வருடங்களின் அடங்கல் நகல்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எடுத்து வையுங்கள். காப்பி, மிளகு, ஆரஞ்சு என்று சாகுபடிப் பதிவு அதில் இருந்தால், புதிதாகக் காட்டை அழித்தீர்கள் என்று யாரும் சொல்லமுடியாது. இத்தனை வருடம் கவனிப்பில்லாமல் கிடந்த தோட்டம் தூரத்திலிருந்து பார்க்கக் காடு மாதிரிதான் தெரியும்.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது மரமோ கொட்டகையோ இல்லை. மரம் வெட்டுவதற்கான மனுவாகட்டும், கொட்டகைக்கான மனுவாகட்டும், நிலத்துக்காரர் பெயரில்தான் போடவேண்டும். பட்டாவோ 1996-ல் இறந்தவர் பெயரில் இருக்கிறது. கலெக்டர் யாருக்கு அனுமதி கொடுப்பார்?

1989 சட்டத்தை வைத்து அத்தைக்குப் பங்கில்லை என்று சொன்னவர்கள் பாதிதான் படித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 1989 திருத்தம், மத்திய அரசின் 2005 திருத்தம், உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு எல்லாமே பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டா என்பதைப் பற்றியவை. உங்கள் தாத்தா இந்த நிலத்தைக் கிரையம் கொடுத்து வாங்கினார், இது அவருடைய சுயசம்பாத்தியம். நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துச் சொல்கிறேன்: உயில் இல்லாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மகளுக்கு எந்த வருடம் கல்யாணம் ஆனது என்ற பேச்சே அங்கே எழாது. நகை போட்டோம், சீர் செய்தோம் என்பதும் கணக்கில் வராது.

ஆகவே தாத்தா காலமானபோது பாட்டி, அப்பா, அத்தை மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. 2003-ல் பாட்டியின் பங்கு அப்பாவுக்கும் அத்தைக்கும் சரிபாதியாகப் போனது. ஆக, தோட்டத்தில் பாதி அத்தையுடையது. மீதிப் பாதி அப்பாவுக்குப் பின் அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும். உங்கள் தனிப்பங்கு ஆறில் ஒன்று, அதாவது 70 சென்ட். இந்த 70 சென்டை நம்பித்தான் ஒன்பது மரத்தை வெட்டி ஜேசிபியும் பேசியிருக்கிறீர்கள்.

கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி களை வெட்டலாம், காய் பறிக்கலாம். மற்றவர்களைக் கேட்காமல் நிலையான கட்டிடம் எழுப்பினால் பாகப்பிரிவினை வழக்கும் தடையாணையும் வரும். விற்ற மரத்துக்குக் கணக்கும் கேட்பார்கள். அப்படி வழக்குப் போட்டால் அத்தை ஜெயிப்பார்.

அதனால் முதல் பயணம் பழனிக்கு. அத்தை, “மருமகனே, எனக்கு எதுவும் வேண்டாம், நீயே வைத்துக்கொள்” என்று சொன்னாலும் சரி, 20 ரூபாய் பத்திரத்தில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தாலும் சரி, அதனால் பங்கு மாறாது. பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்யவேண்டும். இதில் ஒரு செலவு விஷயம். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு, 2023 ஜூலையில் 25,000-லிருந்து 40,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் குடும்பம் என்று சொல்லப்படும் வரிசையில் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள்தான் வருகிறார்கள். அத்தையும் மருமகனும் நேராக அதில் வருவதில்லை. எனவே பத்திரம் எழுதும் முன் வரைவோடு சார்பதிவாளரிடம் போய்த் தீர்வைக் கணக்கைக் கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், விடுதலை கேட்பதைவிடப் பாகம் பிரித்துக்கொள்வதே நல்லது. அத்தைக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். களம் இருக்கிற பக்கத்தை உங்கள் பக்கமாகக் கேட்டு வாங்குங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். உங்கள் பாதியை அம்மாவும் தங்கையும் நீங்களும் கூட்டாகவே வைத்துக்கொள்ளலாம்.

பத்திரம் தயாராவதற்குள் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்றுக்குத் தாசில்தாரிடம் மனுச் செய்யுங்கள். அது வந்ததும் வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா. அப்போதே மூன்று காகிதங்களைப் பாருங்கள்: 1972 கிரையப் பத்திரம், அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்). கணினிச் சிட்டாவில் பரப்பு ஹெக்டேரில் இருக்கும். உங்கள் 4.20 ஏக்கர் அங்கே சுமார் 1.70 ஹெக்டேர் என்று இருக்கவேண்டும். குறைவாக இருந்தால் மேட்டுப்பக்கம் தாத்தா அனுபவித்ததில் கொஞ்சம் பட்டாவில் இல்லை என்று பொருள். மலையில் இது சாதாரணம். சிலர் கையில் இருப்பது 2சி பட்டாவாக இருக்கும், அது அரசு நிலத்தில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கத்தான், மண்ணுக்கு இல்லை. வன எல்லைக் கல் பக்கத்தில் இருக்கிறதென்றால் அத்து (எல்லை) காட்டச் சொல்லி நில அளவைக்கு மனுப் போடுங்கள். வனத்துறையினரையும் வைத்து அளந்துவிடுவது நல்லது. வெட்டிய ஒன்பதில் இரண்டு காப்புக்காட்டு எல்லைக்குள் இருந்தது என்று பிறகு தெரிந்தால், வழக்கு 1882 வனச்சட்டத்துக்குள் போய்விடும். அது வேறு எடை.

இப்போது கொட்டகை. கம்பம் நட்டுத் தகரம் போடுவது கட்டிடமா என்று கேட்பீர்கள். காங்கிரீட்டில் ஊன்றிய கம்பமும் முடுக்கிய கூரையும் இருந்தால் ‘தற்காலிகம்’ என்ற சொல் உதவாது. கொடைக்கானல் தாலுகா கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருப்பவை, 1990-லிருந்து. அங்கே கட்டிட அனுமதி என்றால் ஊராட்சியோடு முடியாது. வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத் துறை இவற்றின் கருத்தும் கேட்பார்கள். சரிவு எவ்வளவு, மண் சரியுமா, ஓடை மறிக்கப்படுகிறதா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. ஜேசிபிக்கும் இதே கதை. பழனி மலையில் மண் வெட்டும் இயந்திரத்தை முன் அனுமதியில்லாமல் இறக்கமுடியாது, உயர் நீதிமன்ற உத்தரவுகளே இருக்கின்றன. வெட்டிய மண்ணை லாரியில் வெளியே கொடுத்தால் கனிம விதிகளும் வரும்.

இதனால்தான் களத்துப் பக்கத்தைக் கேட்டு வாங்கச் சொன்னேன். தாத்தா அந்தக் காலத்திலேயே சமப்படுத்திச் சிமெண்ட் போட்ட இடம் அது. அங்கே கொட்டகை போட மரம் வெட்டவேண்டாம், சரிவைக் குடையவேண்டாம். பாதி மனு அதிலேயே குறைந்துவிடும். கம்பத்துக்கும் மரம் எதற்கு? சௌசௌ பந்தலுக்கு உங்கள் ஊரில் கல்தூண்தானே நடுகிறார்கள். கல்தூணோ ஜிஐ பைப்போ நட்டால் கரையான் பயமும் இல்லை, மரம் எங்கே வெட்டியது என்ற கேள்வியும் இல்லை. மேட்டை நீங்கள் தேர்ந்தெடுத்தது காப்பி காயவைக்க அல்ல, அடிவாரம் தெரிகிறது என்பதற்காக. ஹோம்ஸ்டே ஆசை தப்பில்லை. ஆனால் காப்பிக் கொட்டகை என்று அனுமதி வாங்கிவிட்டு உள்ளே ரூம் தடுப்பது வேண்டாம். 2019-ல் கொடைக்கானலில் நீதிமன்ற உத்தரவின்பேரில் வரிசையாகக் கட்டிடங்களுக்குச் சீல் வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அனுமதி ஒன்று, கட்டியது ஒன்று, நடத்தியது இன்னொன்று என்பவையும் அதில் இருந்தன. ரூம் வேண்டுமென்றால் அதற்கென்றே வரைபடம் போட்டுத் தனியாகக் கேளுங்கள். கிடைக்காமல் போகலாம், அதையும் இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

இந்த வருடக் காய் எடுப்புக்குள் இதெல்லாம் முடியாது. களத்து வெடிப்பைப் பூசிவிட்டுத் தார்ப்பாய் வாங்குங்கள், அது போதும்.

வேலிக்கும் அனுமதி வேண்டும். சோலார் வேலிகளைப் பதிவு செய்யச் சொல்லி 2023-ல் தமிழ்நாட்டில் விதிகள் வந்துவிட்டன, மாவட்ட வன அலுவலரிடம் விண்ணப்பிக்கவேண்டும். வேலி விற்கிறவர் ‘எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்பார். பதிவு உங்கள் பெயரில் வந்ததா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். கரண்டை நேரடியாகக் கம்பியில் விடுகிற வேலையை எக்காரணம் கொண்டும் யாருக்கும் அனுமதிக்காதீர்கள். ஒரு காட்டுமாடு செத்தால் வனவிலங்குச் சட்டம், ஒரு ஆள் செத்தால் அந்தச் சாவுக்கான கிரிமினல் வழக்கு, கூட்டுப் பட்டாவில் அம்மா பெயரும் தங்கை பெயரும் சேர்ந்தே இருக்கும்.