முகம் தெரியாத முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல்

அன்புள்ள அண்ணா,

நான் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். சிறிய கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இணையத்தளம் செய்து, படமும் எடுத்துக் கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே தொடங்கி எட்டு மாதமாகிறது. இதுவரை கிடைத்த மூன்று வேலையும் சொந்தக்காரர் மூலம் வந்தவை. வெளியேயும் ஆள் பிடிக்க வேண்டுமென்று போன மாதம் பாசிக்குடா, அறுகம்பை, கல்முனை, காத்தான்குடி என்று 140 முகவரிகளைத் தேடியெடுத்து மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டே பதில். ஒருவர் "இனி அனுப்ப வேண்டாம்" என்றார். பாசிக்குடாவில் ஒரு விடுதிக்காரர் விலை கேட்டார். விலைப்பட்டியல் அனுப்பினேன், அதன்பின் சத்தமே இல்லை. அனுப்பிய மடல்களை இணைத்திருக்கிறேன். நம் பக்கத்துக்கு இந்த முறையே சரிவராதா, அல்லது என் எழுத்தில்தான் பிழையா?

ச., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சி,

மடல்களை வாசித்தேன். ஆங்கிலம் சுத்தமாக இருக்கிறது. "நாங்கள் தரமான, நவீன டிஜிட்டல் தீர்வுகளை நியாயமான விலையில் வழங்கும் இளம் நிறுவனம்" என்று தொடங்கிப் பதினான்கு வரி போகிறது. அந்தப் பதினான்கு வரியிலும் வாசிக்கிறவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை அப்படியே பல்வைத்தியருக்கும் அனுப்பலாம், அரிசி ஆலைக்கும் அனுப்பலாம். அனுப்பியும் இருக்கிறீர்கள்.

இன்னொன்று, அறுபது பேரின் முகவரியும் மடலின் தலையில் வரிசையாகத் தெரிகிறது. கவலைப்படாதீர்கள், இந்தத் தொழிலின் மூதாதையே அப்படித்தான் தொடங்கினார். 1978 மே மாதம் அமெரிக்காவில் கேரி துர்க் என்ற விற்பனை அதிகாரி, தன் கம்பனியின் புதிய கணினிகளைப் பார்க்க வரும்படி, இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் மேலே கொள்ளாமல் மடலின் உடம்புக்குள்ளேயே வழிந்துவிட்டன. நிறையப் பேர் திட்டினார்கள். அவருக்கு அதில் வியாபாரமும் நடந்தது என்பது வேறு கதை. ஆனால் அன்றைக்கு அப்படி வந்தது ஒரே ஒரு மடல். இன்றைக்கு ஒரு விடுதிக்காரருக்குக் காலைத் தேநீருக்கு முன்பே பத்து வந்துவிடும்.

என் கதையையும் சொல்கிறேன். சுனாமிக்கு அடுத்த வருஷம், 2005. மட்டக்களப்பு நகரில் ஒரு சின்ன அறையில் கம்பியூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு தட்டச்சும் மொழிபெயர்ப்பும் செய்துகொண்டிருந்தேன். ஊர் முழுக்கத் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள். நானும் உங்களைப் போல எல்லோருக்கும் ஒரே மடலைத்தான் அனுப்பினேன்: மும்மொழி, பத்து வருட அனுபவம், துரித சேவை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருநாள் கல்லடிப் பக்கம் சைக்கிளில் போகும்போது ஒரு கிணற்றடியில் அறிவித்தல் பலகை நின்றது. கடல் புகுந்து உப்பான கிணறு. ஆங்கிலத்தில், குடிக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. கீழே தமிழில், "இந்த நீரைக் குடிக்க வேண்டும்." 'டா' வர வேண்டிய இடத்தில் 'டு'.

அன்றிரவு அந்த நிறுவனத்துக்கு நாலு வரி எழுதினேன். பலகை எங்கே நிற்கிறது, தமிழில் என்ன எழுதியிருக்கிறது, அதை வாசிக்கிறவருக்கு என்ன விளங்கும், சரியான வாசகம் எது. கடைசியில் ஒரு கேள்வி: மற்றப் பலகைகளையும் பார்த்துச் சொல்லட்டுமா? என் பத்து வருட அனுபவத்தை எழுதவே மறந்துபோனேன். மறுநாள் காலை வாசலில் ஜீப் நின்றது. இரண்டு வருஷம் அவர்களின் தமிழ் வேலை என்னிடம்தான் வந்தது.

அப்படி உயிரோடு விளையாடும் பிழை எல்லோரிடமும் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு கடையிலும் முதலாளியின் கண்ணில் படாத ஒன்று கிடக்கும். போனை எடுத்து ஒரு வாடிக்கையாளராகத் தேடிப் பாருங்கள். கூகிள் மேப்பில் குறி தள்ளி நிற்கும். மருதமுனையில் அருமையான கைத்தறிச் சாரம் நெய்கிறவரின் முகநூல் பக்கத்தில் பத்துப் பேர் விலை கேட்டு, ஒருவருக்கும் பதில் இருக்காது. விடுதியின் பக்கத்தில் பழைய போன் நம்பர் கிடக்கும். ஒரு இடத்துக்கு இருபது நிமிஷம் போதும். 140 பேருக்கு இது முடியாது என்பீர்கள். ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு முடியும்.

கண்டதைச் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். சில மடல்களின் கீழே மட்டும் "உங்கள் இணையத்தளம் மிகவும் பழையது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதைச் செய்து கொடுத்தது அவருடைய அக்காவின் மகனாக இருக்கலாம். தளத்தைக் குறை சொல்லாமல், வருகிற விருந்தாளி எங்கே தடுமாறுகிறார் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

அறுகம்பை விடுதி ஒன்றுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். நீங்கள் கண்டதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தலைப்பு: "கூகிள் மேப்பில் உங்கள் வாசல்"

"வணக்கம். ஞாயிற்றுக்கிழமை அறுகம்பைக்கு வந்திருந்தேன். கூகிள் மேப்பில் உங்கள் விடுதியைப் போட்டுக்கொண்டு வந்தால், அது பின்பக்க ஒழுங்கையில் ஒரு மதிலடியில் கொண்டுபோய் விடுகிறது. இரவில் வருகிற வெளிநாட்டுக்காரர் அங்கே நின்று தடுமாறுவார். மேப்பில் உங்கள் இடத்தைத் திறந்து, திருத்தம் சொல்லும் பகுதிக்குப் போய்க் குறியை வாசலுக்கு நகர்த்தினால் போதும், காசு செலவில்லை. நான் களுவாஞ்சிகுடியில் இருந்து விடுதிகளுக்குப் படம் எடுத்து, இணையத்தளம் செய்கிறேன். உங்கள் முற்றத்தில் மாலை வெளிச்சம் நன்றாக விழுகிறது, ஆனால் தளத்தில் இருக்கும் படங்களில் அது இல்லை. நான் எடுத்த வேறொரு விடுதியின் மூன்று படங்களை அனுப்பிப் பார்க்கட்டுமா?"

போனில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும், அதனால் அவருடைய பொருள் முதலில் வந்துவிட வேண்டும். 'வாய்ப்பு', 'சலுகை' எல்லாம் வேண்டாம். முதல் மடலில் இணைப்பும் வேண்டாம், தெரியாத ஆள் அனுப்பிய கோப்பைத் திறக்க யாருக்கும் பயம். கடைசிக் கேள்வி "ஓம்" என்று ஒரு சொல்லில் பதில் போடக்கூடியதாக இருக்கட்டும். "ஒரு கலந்துரையாடலுக்கு நேரம் ஒதுக்க முடியுமா" என்று கேட்டால், சமையற்கட்டுக்கும் வரவேற்பு மேசைக்கும் இடையில் ஓடுகிற மனிதர் என்ன செய்வார்? பிறகு பார்ப்போம் என்று மூடிவைப்பார். அந்தப் பிறகு வருவதில்லை.

சரி, நம் பக்கத்துக்கு இது சரிவருமா என்று கேட்டீர்கள். எல்லோருக்கும் வராது. நெல் ஆலை முதலாளியின் பெயர்ப்பலகையில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி, பெரும்பாலும் கட்டாரில் இருக்கும் மகன் திறந்து கொடுத்தது. அதன் கடவுச்சொல் அவருக்கே தெரியாது. அங்கே நேரில் போங்கள், அல்லது வட்ஸ்அப்பில் இரண்டு வரி போடுங்கள். அதுவும் பெரும்போக அறுவடை நடக்கிற மாசி, பங்குனியில் வேண்டாம். மின்னஞ்சலைத் தினமும் திறந்து பார்த்தே தீர வேண்டியவர்கள் விடுதிக்காரர்கள்தான், அவர்களுக்கு அறைப் பதிவே அதில்தான் வருகிறது. அறுகம்பைக்கு அலைச் சறுக்குக்காரர் வருவது ஏறத்தாழ சித்திரையிலிருந்து ஐப்பசி வரை. நீங்கள் அனுப்பியது ஆடி மாதம், அறைகள் நிரம்பி வழிகிற நேரம். தை பிறந்ததும் அனுப்புங்கள். அப்போது சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு, அடுத்த சீசனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பார்கள். காத்தான்குடி, கல்முனைத் துணிக்கடைகளுக்கு நோன்புப் பெருநாள் கழியட்டும். வெள்ளிக்கிழமை மதியத்தையும் விட்டுவிடுங்கள்.

பதில் வராவிட்டால் ஐந்தாறு நாள் கழித்து அதே மடலுக்குக் கீழே இன்னொன்று. "என் முந்தைய மடலைப் பார்த்தீர்களா" என்று மட்டும் எழுதுவது கடன் கேட்டு வாசலில் நிற்பதுபோல இருக்கும். புதிதாக ஒன்றைச் சொல்லுங்கள், மேப்பில் குறி இன்னும் நகரவில்லை என்றாவது. அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். "வேண்டாம்" என்றவரின் முகவரியை உடனே அழியுங்கள். நம் நாட்டின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆட்களுக்குச் செய்தி அனுப்புவது பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. அதைவிடக் கிட்டத்தில் இருக்கும் ஆபத்து ஜிமெயில்தான். 2024 பெப்ரவரியிலிருந்து மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் கூகிள் கண்டிப்பாக இருக்கிறது: ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் ஸ்பேம், அதாவது வேண்டாத மடல், என்று அழுத்தும் நிலையை எட்டக்கூடாது. மொத்தமாக அனுப்புகிறவர் என்று கூகிள் கணக்கெடுப்பது ஒரு நாளைக்கு 5000 அல்லது அதற்கு மேல் அனுப்புகிறவர்களை. ஆனால் ஸ்பேம் என்று அழுத்தும் விரல் உங்கள் மடலுக்கும் அதே விரல்தான். சொந்த டொமைனில் இருந்து அனுப்புவதானால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள்) இரண்டையும் சரிபார்த்துவிடுங்கள். இணையத்தளம் செய்கிறவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அந்தப் பாசிக்குடாக்காரர். 140 பேரில் விலை கேட்ட ஒரே மனிதர், அவர் விஷயத்தில்தான் எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் கோபம். அவர் கேட்டது திங்கட்கிழமை, நீங்கள் பதில் போட்டது வெள்ளிக்கிழமை. அதுவும் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று பொதிகள் போட்ட ஏழு பக்கக் கோப்பு. அவருக்கு இருப்பதே ஆறு அறை. விலை கேட்டவருக்கு அன்றைக்கே ஒரு தொகை சொல்ல வேண்டும், அதற்குள் என்னென்ன அடங்கும் என்பதையும்.

இன்னும் காலம் போகவில்லை. இன்று பின்னேரமே அந்த மடலுக்குக் கீழே எழுதுங்கள்: "நான் முன்பு அனுப்பிய பட்டியல் உங்கள் விடுதிக்குப் பெரிது. ஆறு அறையும் முற்றமும் அரை நாளில் எடுத்து, இருபத்தைந்து படங்கள், மொத்தம் இவ்வளவு ரூபாய். படத்தைப் பார்த்த பிறகு காசு தந்தால் போதும். அடுத்த வாரம் வரட்டுமா?" தொகையை நீங்களே போடுங்கள். வாழைச்சேனை பஸ் செலவையும் அதற்குள் சேர்த்துவிடுங்கள், பிறகு தனியாகக் கேட்க வெட்கப்படுவீர்கள்.