மேரியன் தீவின் சுண்டெலிகளை ஒழிக்க ஹெலிகாப்டரில் விஷம் தூவத்தான் வேண்டுமா? பொறியோ பூனையோ போதாதா?

கேள்விக்குக் கீழே நான்கு சந்தேகங்களை எழுதியிருக்கிறீர்கள். இத்துனூண்டு சுண்டெலி அவ்வளவு பெரிய ஆல்பட்ராஸ் கடற்பறவையைக் கொல்லுமா, பூனையை விட்டால் ஆகாதா, விஷம் மற்ற பறவைகளைக் கொல்லாதா, டர்பனில் நாம் வாங்கும் மீனில் அது வந்து சேருமா. சுருக்கமான பதில்: கொல்லும், பூனையை ஏற்கெனவே விட்டுப் பார்த்தாயிற்று, சிலவற்றைக் கொல்லும், சேராது. இனி விவரம்.

மேரியன் தீவு கேப் டவுனுக்குத் தென்கிழக்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல், அண்டார்டிகாவுக்குப் போகும் பாதிவழியில் இருக்கிற எரிமலைத் தீவு. பரப்பு சுமார் 290 சதுர கிலோமீட்டர். பக்கத்திலேயே 20 கிலோமீட்டர் தள்ளிச் சின்னதாகப் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. இரண்டும் 1947-48இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமாயின. உலகில் இருக்கிற வான்டரிங் ஆல்பட்ராஸ்களில் ஏறத்தாழ கால்வாசி மேரியனில் கூடு கட்டுகின்றன. தரையில் வாழும் பாலூட்டி எதுவும் அங்கே இயற்கையாகக் கிடையாது. 1800களின் தொடக்கத்தில் சீல் வேட்டைக்கு வந்த கப்பல்களோடு சுண்டெலி கரையேறியது. பிரின்ஸ் எட்வர்டில் ஏறவில்லை, இன்றுவரை அங்கே எலி இல்லை. ஒரே காலநிலை, ஒரே பறவைகள், எலி மட்டும் ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை. ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது.

சுண்டெலி எடை 20 கிராம். வான்டரிங் ஆல்பட்ராஸ் எடை எட்டு முதல் பத்துக் கிலோ, விரித்த சிறகு மூன்று மீட்டருக்கு மேல். அலகால் ஒரு கொத்து கொத்தினால் எலி செத்துவிடும். ஆனால் கொத்தாது. தரையிலிருந்து வரும் எதிரியை இந்த இனம் எந்தத் தலைமுறையிலும் பார்த்ததில்லை என்பதால், எலி மேலே ஏறினால் என்ன செய்வதென்றே அதற்குத் தெரியாது. கூட்டை விட்டு எழவும் எழாது. இரவில் அகச்சிவப்புக் கேமராவில் பதிவானது இதுதான்: ஒன்றிரண்டு எலிகள் குஞ்சின் பின்புறத்தில் ஏறி, தோலைக் கடித்துத் துளை போட்டு, அந்த ஒரே புண்ணுக்கு இரவுக்கு இரவு திரும்பி வருகின்றன. சூட்டி ஆல்பட்ராஸ் போன்ற மற்ற இனங்களின் குஞ்சுகளுக்கு உச்சந்தலையிலேயே தோல் உரிந்துபோயிருக்கும். கடி மட்டுமே எல்லாவற்றையும் கொல்வதில்லை. ரத்தப்போக்கு, தொற்று, கடைசியில் புண்ணைப் பார்த்து வரும் ஜயண்ட் பெட்ரல் என்ற பெரிய கடற்பறவை, இந்த மூன்றும் சேர்ந்து முடித்துவிடும்.

மேரியனில் வான்டரிங் ஆல்பட்ராஸ் குஞ்சுகளில் இப்படிப்பட்ட காயம் முதலில் கண்டறியப்பட்டது 2003இல். 2009இல் தலைத்தோல் உரிந்த சூட்டி ஆல்பட்ராஸ் குஞ்சுகள், 2015இல் பல இனங்களில் பெரிய அளவில், 2023இல் முதன்முறையாக வளர்ந்த வான்டரிங் ஆல்பட்ராஸ்கள். கடைசியாகச் சொன்னதுதான் என் கணக்கில் மிக மோசமானது. இந்தப் பறவை இரண்டு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். அடைகாக்க 11 வாரம், குஞ்சு பறக்க இன்னும் ஒன்பது மாதம். ஒரு வருஷக் குஞ்சுகள் போனால்கூட இனம் தாங்கும், ஏனென்றால் பெற்றவை பல பத்தாண்டு உயிர்வாழும். பெற்றவையே போனால் தாங்காது.

இருநூறு வருஷமாக இருக்கிற எலி ஏன் இப்போது மட்டும்? இரண்டு காரணம் சேர்கிறது. 1950களிலிருந்து தீவின் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கிறது, மழையும் குறைந்திருக்கிறது. சுண்டெலிக்கு எமன் குளிரும் ஈரமும்தான். வெப்பம் ஏற ஏற, குட்டி போடும் பருவம் முன்னால் தொடங்கிப் பின்னால் முடிகிறது. ஒரு பருவத்தில் கூடுதலாக ஓர் ஈற்று என்றாலே கோடை முடிவில் எண்ணிக்கை பல மடங்காகிவிடும். அடுத்து, இவ்வளவு எலியும் சேர்ந்து தரையில் இருந்த புழுபூச்சிகளைக் காலி செய்துவிட்டன. மேரியனில் பறக்காத ஓர் அந்துப்பூச்சி உண்டு. காய்ந்த இலைகளைத் தின்று மண்ணுக்கு உரமாக மாற்றுவது அதன் புழுதான், மண்புழு வேலை அதற்கு. எலிக்கு மிகப் பிடித்த தீனியும் அதுவே. புழு குறைந்ததும் குளிர்காலத்தில் பசித்த எலிக்குக் கண்ணில் படுவது, கூட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குஞ்சு. ஆக, பறவை சாவது வெளியே தெரிகிற பாதி. அசோரெல்லா என்ற மெத்தைச் செடியை எலி குடைந்து உள்ளிருந்தே பாழாக்குவதும், மண்ணின் சத்துச் சுழற்சி கெடுவதும் தெரியாத பாதி.

பூனைக் கதையைக் கேளுங்கள். 1940களின் இறுதியில் தீவின் வானிலை நிலையத்தில் எலித் தொல்லைக்கென்று ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1977இல் அவை சுமார் 3,400. எலியைத் துரத்துவதைவிட வளையில் முடங்கும் பெட்ரல் பறவையைப் பிடிப்பது எளிது என்று பூனை கண்டுகொண்டது. ஆண்டுக்கு நாலரை லட்சம் பறவைகள் போயின என்பது அன்றைய மதிப்பீடு. சாதாரண டைவிங் பெட்ரல் தீவிலிருந்தே அற்றுப்போனது. 1977இல் பூனைகளுக்கு வைரஸ் நோயைப் பரப்பினார்கள். எண்ணிக்கை சில நூறுக்கு இறங்கியது, ஆனால் பூஜ்ஜியமாகவில்லை. பிறகு இரவு விளக்கும் துப்பாக்கியுமாக ஆண்டுக்கணக்கில் வேட்டை, பொறி, விஷம் எல்லாம் சேர்த்து 1991இல்தான் கடைசிப் பூனை ஒழிந்தது. 'மறுபடி பூனை' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பொறி ஏன் ஆகாது என்பது கணக்கு. எலி பத்து லட்சத்துக்கு மேல். கர்ப்பகாலம் மூன்று வாரம், ஓர் ஈற்றில் ஆறேழு குட்டி. 99 சதவீதத்தைப் பிடித்தாலும் பத்தாயிரம் மிஞ்சும், அவற்றுக்குத் தீனிப் போட்டியும் இராது. இரண்டு கோடையில் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். கட்டுப்படுத்துவது என்று ஆரம்பித்தால் காலம் முழுக்கச் செய்ய வேண்டும். ஒழிப்பது என்றால் ஒரே தடவை, ஆனால் கடைசி எலிவரை. டர்பனுக்கு மைனா 1900 வாக்கில் வந்தது. இன்று அது இல்லாத தெரு எது? எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால், பாதியைக் கொல்வதும் சும்மா இருப்பதும் ஒன்றுதான்.

மௌஸ் ஃப்ரீ மேரியன் என்ற திட்டம் அரசின் சுற்றுச்சூழல் துறையும் பேர்ட்லைஃப் சவுத் ஆஃப்ரிக்காவும் சேர்ந்து நடத்துவது. செலவு 50 கோடி ராண்ட் வாக்கில். நாள் ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போயிருக்கிறது, முக்கியமாகப் பணம் சேராததால். செய்முறை இப்படி.

தானிய மாவு உருண்டைகளில் புரோடிஃபாகூம் என்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் விஷம், பத்து லட்சத்தில் 20 முதல் 25 பங்கு. 20 கிராம் எலிகளில் பாதி சாக, ஒவ்வொன்றுக்கும் 0.008 மில்லிகிராம் போதும், அதாவது உருண்டையில் சுமார் கால் முதல் அரை கிராம். ஓர் எலி ஒரு நாளில் இதைப்போல் சில மடங்கு தின்னும். விஷம் வேலை செய்யச் சில நாள் ஆகும், அந்தத் தாமதம் வேண்டும் என்றே வைத்தது. தின்றவுடன் வயிறு வலித்தால் எலி உஷாராகிவிடும், மிச்சத்தைத் தொடாது.

மொத்தம் 500 முதல் 600 டன் உருண்டை. அதாவது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 20 கிலோ, ஒரே தடவையில் இல்லாமல் சில வார இடைவெளிவிட்டுப் பிரித்து. முதல் தூவலின்போது வளைக்குள் பால் குடிக்கும் குட்டி இருந்தால் அது விஷத்தைத் தின்றிருக்காது; வெளியே வந்த பிறகு இரண்டாவது தூவல் பிடிக்கும். ஹெலிகாப்டருக்குக் கீழே தொங்கும் பக்கெட்டின் அடியில் சுழலும் தட்டு, உருண்டைகளைப் பட்டையாக வீசும். விமானி ஜிபிஎஸ் கோட்டைப் பிடித்துப் பறப்பார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஒரு பட்டையின்மேல் அடுத்தது பாதி ஏறுவதுபோல, ஒவ்வொரு பட்டையும் முந்தையதன்மேல் பாதி விழ வேண்டும். சுண்டெலி நடமாடும் வட்டம் மிகச் சிறியது. சில பத்து மீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி விழுந்தாலே உள்ளே ஒரு குடும்பம் விஷத்தைக் காணாமல் பிழைத்துவிடும். பெரிய எலியானால் சுற்றித் திரிந்து எப்படியும் ஒரு உருண்டையைக் கண்டெடுக்கும். சுண்டெலி ஒழிப்பு அதனால்தான் கூடுதல் கஷ்டம்.

தவறு நடக்கும் இடங்களில் முதலாவது செங்குத்துச் சரிவு. வரைபடத்தில் ஒரு ஹெக்டேர் என்று தெரிவது 60 டிகிரி சரிவில் உண்மையில் இரண்டு ஹெக்டேர் தரை. வரைபடத்தை நம்பித் தூவினால் அங்கே பாதி அளவுதான் விழும். அதனால் பாறை விளிம்புகளில் தனியாக மறுபடி பறக்க வேண்டும். எரிமலைக் குகைகள் இன்னொரு தலைவலி. ஆராய்ச்சி நிலையமும், தீவில் ஆங்காங்கே ஆராய்ச்சியாளர் தங்கும் குடிசைகளும் அதைவிட மோசம்: ஒவ்வோர் அறையிலும், கூரையடியிலும் கையால் வைக்க வேண்டும், சமையலறையில் சிந்திய அரிசிகூட விஷத்துக்குப் போட்டி. அப்புறம் மழை. உருண்டை நான்கைந்து இரவாவது கரையாமல் கிடந்தால்தான் பயந்த எலியும் வந்து தின்னும்.

குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பது, அப்போது எலிக்குப் பசி அதிகம், எண்ணிக்கை குறைவு, குட்டி போடுவதில்லை என்பதால். பழுப்பு ஸ்குவாவும் வேறு பல பறவைகளும் அப்போது கடலுக்குப் போயிருக்கும். சங்கடம் என்னவென்றால் அந்த அகலாங்கில் ஜூனில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை, காற்று ஓயாது. வெப்பம் இப்படியே ஏறினால் எலி குட்டி போடாத அந்த இடைவெளியும் சுருங்கும். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் வேலையைக் கடினமாக்குகிறது என்று நான் நினைப்பதற்கு இது காரணம்.

பலிக்காமல் போகலாமா? போகலாம். நியூசிலாந்தின் ஆன்டிபோடிஸ் தீவில் 2016இல் பலித்தது, ஆஸ்திரேலியாவின் மக்குவாரியில் பலித்தது. தென் அட்லாண்டிக்கின் கஃப் தீவில் 2021 குளிர்காலத்தில் தூவினார்கள். டிசம்பரிலேயே கேமராவில் ஒரு எலி. வெளியிலிருந்து வந்து பெருகிய ஓடில்லா நத்தைகள் உருண்டைகளைத் தின்றுவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். மேரியனிலும் அதுபோன்ற நத்தை உண்டு. திட்டக்காரர்கள் கணக்கில் எடுக்க வேண்டிய விஷயம் இது.

மற்ற பறவைகள்: வான்டரிங் ஆல்பட்ராஸ் குஞ்சு பெற்றோர் கடலிலிருந்து கொண்டுவருவதை மட்டும் தின்பதால் உருண்டையைத் தொடாது. பென்குவின்களும் அப்படியே. ஆபத்து, தரையில் எதையும் கொத்தும் ஷீத்பில் பறவைக்கும் கெல்ப் கல் என்ற கடற்காக்கைக்கும், செத்த எலியைத் தின்னும் ஜயண்ட் பெட்ரலுக்கும். இவற்றில் சில சாகும், அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. ஷீத்பில்லின் அதே கிளையினம் எலியும் விஷமும் இல்லாத பிரின்ஸ் எட்வர்டிலும் இருப்பது ஆறுதல்.

மீன் விஷயம்: புரோடிஃபாகூம் தண்ணீரில் அநேகமாகக் கரைவதே இல்லை, மண்ணோடு ஒட்டிக்கொண்டு நாளடைவில் சிதையும். கடலில் விழும் உருண்டை மேரியனின் அலையில் உடனே உடைந்து கலைந்துவிடும். டர்பனுக்கும் மேரியனுக்கும் நடுவே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். ஷாட் மீனைத் தாராளமாகக் குழம்பு வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: தூவி முடித்த மறுமாதமே 'வெற்றி' என்று செய்தி வந்தால் நம்ப வேண்டாம். தப்பிய இரண்டு மூன்று எலியை உடனே கண்டுபிடிக்க முடியாது. இரண்டு கோடை பெருக விட்டுவிட்டு, மை தடவிய கால்தடச் சுரங்கங்கள், கடித்தால் பல்தடம் பதியும் அட்டைகள், கேமராக்கள் வைத்துத் தீவு முழுவதும் தேடி, ஒன்றும் இல்லையென்றால்தான் அறிவிப்பார்கள்.