டைப் 1 சர்க்கரை உள்ள 10 வயது மகன் தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறான். இனி எல்லாவற்றையும் அவனிடமே விட்டுவிடலாமா?

விட வேண்டாம். ஊசியை அவனே போடட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். என் மகளுக்கு 7 வயதில் டைப் 1 வந்தது, இப்போது 14. தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் இருக்கிறோம். இந்த விஷயத்தில் நான் ஒருமுறை பெரிய தவறு செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அவளும் 10 வயதில்தான் தானே குத்திக்கொள்ள ஆரம்பித்தாள். எனக்கு அவ்வளவு பெருமை. சுகர் பார்த்து நோட்டில் எழுதி வை என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். சாயந்திரம் நோட்டைத் திறந்தால் 130, 145, 120. மே மாதம் முழுக்கக் காவேரிப்பட்டணத்தில் ஆயா வீட்டு மாந்தோப்பில் இருந்தாள், அப்போதும் அதே 130, 140. செந்தூரா பழுத்துத் தொங்கும் தோப்பில் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? அது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஜூனில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எடுத்தபோது 10.8 சதவீதம் வந்தது, மிக அதிகம். டாக்டர் மீட்டரின் மெமரியைத் தட்டிப் பார்த்தார். 318, 290, 342.

வீட்டுக்கு வந்து, "ஏம்மா பொய்யா எழுதினே?" என்று கேட்டேன். "முன்னூறுன்னு சொன்னா உன் மூஞ்சியே மாறிடுதும்மா" என்றாள்.

அன்றிலிருந்து எண்ணைப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்வதை விட்டுவிட்டேன். "சரி, முன்னூறு இருக்கு, இப்ப என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்பேன். பழம் சாப்பிட்டதை அவளே சொல்ல ஆரம்பித்தாள். மீட்டரை வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்தே பார்க்கிறோம்.

ஊசி குத்துவது சீக்கிரம் பழகிவிடும். அதற்கு முன்பே அவனுக்குத் தெரிய வேண்டியது லோ சுகர். 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வேர்க்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பள்ளிப் பையில் குளுக்கோஸ் பொடி எப்போதும் இருக்கட்டும்.

சிரிஞ்ச் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் இன்சுலினுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. அந்த 100 யூனிட் வகையைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். இந்த நிற வித்தியாசத்தை அவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

அப்புறம் களி. நம் ஊரில் கேழ்வரகுக் களி தின்றால் சுகர் ஏறாது என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஏறும். அவளையே சோதித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரே அளவு உருண்டை, இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர். நாலைந்து தடவை பார்த்ததும் எந்த உருண்டைக்கு எவ்வளவு ஏறும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்று அவள் சொல்லும் கணக்கை நான் நம்புகிறேன்.

காய்ச்சல், வாந்தி வந்த நாளை மட்டும் பிள்ளையிடம் விடாதீர்கள். சாப்பிடவில்லையே, ஊசி வேண்டாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். இன்சுலினை அடியோடு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு போடுவது என்று டாக்டருக்கு போன் செய்து கேளுங்கள்.

புது வகுப்பாசிரியரிடம் அவனையே பேச விடுங்கள், நீங்கள் கூட நில்லுங்கள். என் மகள் ஆறாம் வகுப்பில்தான் முதல் முறையாக அப்படிப் பேசினாள். "மிஸ், எனக்கு லோ ஆச்சுன்னா உங்களைக் கேக்காமலே குளுக்கோஸ் சாப்பிடுவேன்." ஊசி போடப் பழகியதைவிட இந்த ஒரு வரியைச் சொல்ல அவளுக்கு அதிக நாள் பிடித்தது.