பொய்யான பிறந்த ஆண்டு

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் 12 வயது மகள், 20 வயது என்று கணக்குக் காட்டி இன்ஸ்டாகிராமில் சேர்ந்திருக்கிறாள். நள்ளிரவிலும் போர்வைக்குள் ரீல்ஸ் ஓடுகிறது. கைப்பேசியைப் பிடுங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: பிடுங்கினால் தோழியின் கைப்பேசியில் அதே கணக்கு திறக்கும். அவள் பொய் சொன்னதைவிட, அந்தப் பொய்யால் இழந்திருக்கும் பாதுகாப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இன்ஸ்டாகிராமில் சேரக் குறைந்தபட்ச வயது 13. பதின்பருவத்தினரின் கணக்குகள் தொடக்கத்திலேயே தனிப்பட்டவையாக அமைக்கப்பட்டு, முன்பின் அறியாதவர்களின் செய்திகள் தடுக்கப்பட்டு, இரவு 10 முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் நிறுத்தப்படுகின்றன. 16 வயதுக்குக் கீழுள்ளோர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். பெரியவளாகப் பதிவு செய்துகொண்டவளுக்கு இவை எதுவும் தாமாகக் கிடைப்பதில்லை. ஆகவே, அவளை அருகில் அமர்த்தி, யார் யார் செய்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று பதற்றமின்றிக் கேட்டறிந்த பிறகு, இருவருமாகவே அக்கணக்கை நீக்குங்கள். 13 முடிந்ததும் உண்மையான பிறந்த தேதியுடன் தொடங்கலாம்.

திரை பார்ப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன நாளுக்கு ஒரு மணி நேர வரம்பு 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கானது. அதை இவளுக்குப் பொருத்த வேண்டாம். இவளுக்கு முதலில் தேவை தூக்கம். இரவு 9 மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அலாரத்துக்கு வேண்டும் என்பாள். ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

யாரேனும் படம் கேட்டு மிரட்டியிருந்தால், கணக்கை நீக்காமல் ஆதாரங்களைச் சேமித்து 1930 (இணையக் குற்ற உதவி எண்) அல்லது 1098 (குழந்தைகள் உதவி எண்) எண்ணை அழையுங்கள்.