எட்டுப் பாட்டுக்கு ஒரு நட்பா?

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. பதினாறு வயதில் என் நண்பன்தான் தி க்யூர் இசைக்குழுவின் 'டிஸின்டெக்ரேஷன்' ஆல்பத்தைக் கேட்கக் கொடுத்தான். அன்றிலிருந்து இருவருமே அந்த பேண்டின் வெறியர்கள். 16 வருடம் காத்திருந்த பிறகு 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வந்தது. வந்த அன்றே, "டிஸின்டெக்ரேஷனுக்கு அப்புறம் இதுதான்" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி மெதுவாகப் போவதாகப் பட்டது, சொன்னேன். "உனக்கு வயசாயிடுச்சு, புதுசு எதுவும் உள்ளே இறங்காது" என்றான். "அவர்கள் இருமினால்கூட நீ கைதட்டுவாய்" என்று நானும் சொல்லிவிட்டேன். முன்பு பிக்ஸீஸ் பேண்ட் விஷயத்திலும் இதே சண்டைதான். பேஸ் கிட்டார் வாசித்துப் பாடவும் செய்த கிம் டீல் இல்லாமல் அது பிக்ஸீஸே இல்லை என்பது என் கட்சி. இப்போது மாதக்கணக்கில் பேச்சு இல்லை. என் காதுதான் தேங்கிப்போய்விட்டதா? இனி பழைய பேண்டுகளின் புது ஆல்பம் வந்தால் வாயே திறக்காமல் இருந்துவிடட்டுமா?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த ஆல்பத்தை மறுபடி ஒருமுறை முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். எட்டுப் பாட்டு, 49 நிமிடம். உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. 'அலோன்' தொடங்கி மூன்று நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான் ராபர்ட் ஸ்மித் பாட வருகிறார். கடைசிப் பாட்டான 'எண்ட்சாங்'கில் அதற்கு ஆறு நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுவிலும் நீண்ட முன்னிசை உண்டு. 'ட்ரோன்:நோட்ரோன்' மாதிரி கரகரத்த கிட்டாரோடு முறுக்கேறி வரும் பாட்டு இருந்தாலும், மொத்தத்தில் மழைக்கு முந்தைய வானம்போல ஒரே நிறம். இதைக் கவனித்ததற்கு வயது காரணமில்லை. நன்றாகக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள்.

சரி, அதே காதோடு 'டிஸின்டெக்ரேஷ'னையும் எடுத்துக் கேளுங்கள். 1989இல் வந்த அந்த ஆல்பம் சிடியில் 70 நிமிடத்துக்கு மேல் ஓடும். முதல் பாட்டான 'ப்ளெயின்சாங்'கில் குரல் வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். மெதுவும் நீளமும் அங்கேயும் இருந்தவைதான். ஆனால் அந்த வீட்டுக்கு வாசற்கதவுகள் இருந்தன. 'லவ்சாங்' மூன்றரை நிமிடம்தான். அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. 'லல்லபை' இங்கிலாந்தில் முதல் ஐந்துக்குள் வந்தது. அவற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்த்தான் நாம் எல்லோரும் இருட்டான அறைகளைக் கண்டுபிடித்தோம். புது ஆல்பத்தில் அப்படி ஒரு கதவு கிடையாது. எடுத்த எடுப்பிலேயே நடு அறையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. உங்களைத் தடுத்தது அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அது துணிச்சலாகப் படுகிறது. 'ஐ கேன் நெவர் சே குட்பை' ஸ்மித் தன் அண்ணனின் மரணத்தைப் பற்றி எழுதியது. அதைக் கேட்டுவிட்டு, பக்கத்திலேயே துள்ளலாக ஒரு பாட்டு இருந்திருக்கலாமே என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆக, ஆல்பத்தைப் பொறுத்தவரை உங்கள் நண்பருக்கு அருகில்தான் நான் நிற்கிறேன். ஆனால் வெளியான அன்றே அதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அவரால் மட்டும் அன்றே எப்படிச் சொல்ல முடிந்தது? இதை அவரிடமே விசாரியுங்கள். இந்த எட்டில் பாதிக்கு மேற்பட்ட பாட்டுகளை 2022 சுற்றுப்பயணத்திலேயே அவர்கள் மேடையில் வாசித்துவிட்டார்கள். கச்சேரிகளே 'அலோன்' பாட்டோடுதான் தொடங்கின. அந்தப் பதிவுகளை உங்கள் நண்பர் இரண்டு வருடமாகத் தேடித் தேடிக் கேட்டிருந்தால், ஆல்பம் வந்த நாள் உங்களுக்குத்தான் முதல் நாள், அவருக்கு இல்லை. ஒருவர் கேட்டுப் பழகியவர், ஒருவர் புதிதாகக் கேட்டவர். இந்த ஒரு விஷயம் தெரியாமலேயே நீங்கள் இருவரும் ஒருவர் ரசனையை ஒருவர் சந்தேகப்பட்டிருக்கலாம்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். பாட்டு விஷயத்தில், ஒரு கட்டம் வரைக்குமாவது, நேர்மாறாக நடக்கிறது. அர்த்தமே தெரியாத சொற்களையும் எழுத்துகளையும் திரும்பத் திரும்பக் காட்டினாலே மனிதர்களுக்கு அவை பிடித்துப்போகத் தொடங்குகின்றன என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் சோதனை செய்து காட்டினார். வெறும் எழுத்துக்கே அப்படியென்றால், மெட்டுக்கும் குரலுக்கும் சொல்லவே வேண்டாம். 'டிஸின்டெக்ரேஷ'னை இந்த 25 வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? புது ஆல்பத்தை எத்தனை தடவை கேட்டுவிட்டு அதோடு ஒப்பிட்டீர்கள்? கடிதத்தில் எண்ணிக்கை இல்லை. மூன்று, நான்கு என்றுதான் ஊகிக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவற்றைத்தான் மனிதர்கள் மிக அதிகமாக நினைவுகூர்கிறார்கள் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவருவது. அந்த வயதில் கேட்ட பாட்டும் அதே இடத்தில்தான் சேர்ந்து பதிகிறது. பதினாறு வயதில் நண்பன் கையால் வந்த ஆல்பம் அது. அதோடு போட்டி போட்டு எந்தப் புது ஆல்பம் ஜெயிக்கும்? ராபர்ட் ஸ்மித்தே நினைத்தாலும் உங்கள் பதினாறாம் வயதை எட்டுப் பாட்டுக்குள் வைத்துத் தர முடியாது. அதை அவரிடம் கேட்காதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள். காது தேங்கிவிட்டதா என்ற கவலையும் வேண்டாம். தேங்கிய காது புது ஆல்பத்தைத் தேடிப் போய்க் கேட்டு, இப்படி வருத்தப்பட்டுக் கடிதம் எழுதாது.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். எனக்கும் என் அண்ணனுக்கும் ஆர்.ஈ.எம். பேண்ட் என்றால் உயிர். 1995இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மேடையிலேயே மூளை ரத்தக்குழாய்ச் சிக்கலால் நிலைகுலைந்து, பிழைத்து வந்தவர் அவர்களின் டிரம்மர் பில் பெரி. 1997இல் குழுவிலிருந்து விலகினார். மற்ற மூவரும் சேர்ந்து 1998இல் 'அப்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். டிரம்ஸ் இருக்க வேண்டிய பல இடங்களில் டிரம் மெஷின், கிட்டார் இருக்க வேண்டிய இடங்களில் கீபோர்டு. ஒரே ஒரு தடவை கேட்டேன். "செத்துப்போன பேண்ட்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு எடுத்து வைத்துவிட்டேன். அவனுக்கு அது பிடித்திருந்தது. ஏன் பிடித்திருக்கிறது என்று அவன் சொல்லத் தொடங்கியபோது நான் கேட்கவில்லை, சிரித்தேன்.

பல வருடம் கழித்து, தூக்கம் வராத ஓர் இரவில் அந்த ஆல்பத்தின் 'டேஸ்லீப்பர்' பாட்டு காதில் விழுந்தது. அன்றைக்கு ஆல்பம் முழுவதையும் கேட்டேன். அந்த டிரம் மெஷினின் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. கூடவே இருந்த ஒருவர் எழுந்து போன பிறகு, அந்த நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே விட்டுவைத்து வாசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. காலையில் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்படியா, எனக்கு இப்ப மறந்தே போச்சு" என்றான். கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டிருந்தான். 1998இல் அவன் சொல்ல வந்தது என்ன என்பது எனக்கு இனித் தெரியவே போவதில்லை. அவர்களும் 2011இல் கலைந்துவிட்டார்கள். இன்னொரு புது ஆல்பம் வந்து, அதை வைத்து எங்கள் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. உங்களுக்கு அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிடிக்காமல் போன ஒவ்வொன்றும் பின்னால் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2000இல் ரேடியோஹெட் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு 'கிட் ஏ' போட்டபோது ரசிகர்களில் பாதிப் பேர் திகைத்துப் போனார்கள். பத்தாண்டு முடிவில் பல பத்திரிகைகள் அதை அந்தப் பத்தாண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தன. அது நடந்ததுதான். ஆனால் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் 2023இல் நிறைவு செய்த 'ஆட்டம்' ஆல்பத்தின் 33 பாட்டுகளையும் நான் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். பாதியாகக் குறைத்திருந்தால் நல்ல ஆல்பம் என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம். அவகாசம் கொடுத்த பிறகும் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லைதான், அதைத் தயங்காமல் சொல்லலாம்.

அவகாசம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். பாட்டுகளைக் கலைத்துப் போடாமல் வரிசையாக, வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், ஒரு மாதத்துக்குள் நாலைந்து முறை. இன்னொரு சின்ன விஷயம், ஆனால் முக்கியமானது: சத்தத்தின் அளவு. 1990களிலிருந்து ஆல்பங்களை மேலும் மேலும் உரத்த சத்தத்தில் மாஸ்டரிங் (வெளியிடும் முன் பதிவின் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது) செய்யும் பழக்கம் வளர்ந்தது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'கலிஃபோர்னிகேஷன்' (1999) ஆல்பத்தில் சத்தம் கிழிகிறது என்று கேட்டவர்கள் குறைப்பட்டார்கள். பழைய சிடியையும் புதுப் பதிவையும் ஒரே வால்யூமில் வைத்து அடுத்தடுத்துக் கேட்டால், உரத்தது முதலில் பளிச்சென்று இருக்கும், அப்புறம் சீக்கிரமே அலுப்புத் தட்டும். 'ஒரே மாதிரி' என்ற எண்ணம் சில சமயம் அங்கிருந்தும் வரும். இரண்டும் காதுக்குச் சமமாக வரும்படி வால்யூமைச் சரிசெய்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இப்போது பிக்ஸீஸுக்கு வருகிறேன். அது வேறு வழக்கு, இதோடு சேர்க்காதீர்கள். கிம் டீல் 2013இல் விலகினார். 'வேர் இஸ் மை மைண்ட்' பாட்டில் பின்னால் மிதந்து வரும் அந்தக் குரல் அவருடையது, அது போனது பெரிய இழப்புதான். உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 1988 முதல் 1991 வரை நான்கு முழு ஆல்பம். மீண்டும் கூடி, அவர் போன பிறகு, 2014 முதல் 2024 வரை ஐந்து. இந்த ஐந்தையும் 'பிக்ஸீஸே இல்லை' என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டால், அதற்கு மேல் பேச உங்கள் நண்பருக்கு என்ன இருக்கும்? அந்தப் பெயருக்கு யாருக்கு உரிமை என்பது ஒரு கேள்வி. பாட்டு எப்படி இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. லிங்கின் பார்க் 2024இல் எமிலி ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பாடகியாக வைத்து 'ஃப்ரம் ஜீரோ' வெளியிட்டபோதும் ரசிகர்கள் இதே சுழலில்தான் மாட்டினார்கள். முந்தைய பாடகர் செஸ்டர் பென்னிங்டனை இழந்த வலியைப் பற்றி ஒருவர் பேச, மெட்டைப் பற்றி மற்றவர் பதில் சொல்ல, இருவருக்கும் காயம். பெயரைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கிம் டீல் இல்லாதது எனக்கு வலிக்கிறது." இப்படிச் சொன்னால் எந்த நண்பரும் சண்டைக்கு வரமாட்டார்.

வாயே திறக்காமல் இருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். அதைவிடச் சண்டையே மேல். உங்கள் நண்பருக்கு இந்த ஆல்பம் நன்றாக இருந்தது மட்டும் போதவில்லை, உங்களுக்கும் நன்றாக இருக்க வேண்டியிருந்தது. உங்களுக்குக் 'டிஸின்டெக்ரேஷ'னைக் கொடுத்தவர் அவர் இல்லையா? 16 வருடக் காத்திருப்பு முடிந்த அன்று, அன்றைக்கு மாதிரியே உங்கள் முகம் மலர்வதைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார். அது நடக்காத ஏமாற்றத்தில் வந்த வார்த்தைதான் வயசைப் பற்றியது. நீங்கள் சொன்ன கைதட்டல் வார்த்தையும் ஏறக்குறைய அப்படித்தான் வந்திருக்கும். ஆனாலும் அது அவருடைய அன்பையே சந்தேகப்படும் வார்த்தை. அதற்கு நீங்கள் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆல்பத்தைப் பற்றிய கருத்துக்கு மன்னிப்பு வேண்டாம், அதை மாற்றிக்கொண்டதாக நடிக்கவும் வேண்டாம். அவருக்கு உங்களை நன்றாகத் தெரியும், நடிப்பு என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இந்த வாரமே கூப்பிடுங்கள். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. எந்த இடம் உனக்கு அவ்வளவு பிடிச்சுது, சொல்லு" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். நான் என் அண்ணனிடம் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். பிறகு ஒரு நாள் நேரில் சந்தித்து, 'எண்ட்சாங்'கைப் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். ஆறு நிமிடம் தாண்டி ஸ்மித்தின் குரல் வரும் வரை இருவருமே ஒன்றும் பேச வேண்டாம்.

அன்புடன்,
அக்கா